ஒரு தாள் தீர்மானத்துக்கு மூன்று பயணம்

முந்தாநாள்தான் கைக்கு வந்தது. ஒரே ஒரு தாள். அடியில் "ஆதரவு 31, எதிர்ப்பு 0, நடுநிலை 4" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதற்காக அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் போக இரண்டு மணி நேரம் வர இரண்டு மணி நேரம் என்று வண்டி ஓட்டினேன். முதல் இரண்டு தடவையும் வெறுங்கை. அதில் ஒன்று முழுக்க முழுக்க என் தப்பு.

நவஹோ நேஷன் (அமெரிக்காவின் தென்மேற்கில் நவஹோ பழங்குடி மக்கள் தாங்களே ஆளும் பகுதி) பக்கம் ஆய்வுக்குப் போக நினைக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது இருந்தால், படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

என் ஆய்வு கிணற்றுத் தண்ணீரில் யுரேனியமும் ஆர்செனிக்கும் எவ்வளவு இருக்கிறது என்பது. பல்கலைக்கழக அனுமதி இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. நவஹோ அரசின் ஆய்வு அனுமதிக் குழு 1996-லிருந்து இருக்கிறது. அதன் நடைமுறைக்குப் பன்னிரண்டு கட்டம். தொடக்கத்திலேயே உள்ளூர் 'சாப்டர்' ஆதரவுத் தீர்மானம் கேட்பார்கள். சாப்டர் என்றால் அடிமட்ட ஆட்சி அமைப்பு, நவஹோ நேஷன் முழுக்க 110 இருக்கின்றன. "அது ஒரு ஃபார்மாலிட்டி" என்றார் என் பேராசிரியர். அந்தச் சொல்லை நம்பித்தான் கெட்டேன்.

நான் அனுப்பிய முதல் மின்னஞ்சலை இப்போது படித்தால் காது சுடுகிறது. சாப்டர் அலுவலக மேலாளரை முதல் பெயர் சொல்லி 'ஹாய்' என்று ஆரம்பித்திருக்கிறேன். "உங்கள் சீஃபிடம் சொல்லி ஒரு சின்னக் கடிதம் வாங்கித் தர முடியுமா" என்று கேட்டு, 38 பக்கத்தை இணைத்திருக்கிறேன். அங்கே சீஃப் என்று யாரும் கிடையாது. சாப்டருக்கு ஒரு தலைவர், துணைத் தலைவர், செயலாளர்-பொருளாளர்; எல்லோரும் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள். மேலே தலைநகர் வின்டோ ராக்கில் 24 பேர் மன்றம், அதிபர், உச்ச நீதிமன்றம், தனிப் போலீஸ். 1868-ல் அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்ட அரசு அது. மதுரை கலெக்டர் ஆபீசுக்கு எழுதியிருந்தால் பெறுநர், உயர்திரு, ஐயா, பொருள் என்று வரிசை பிசகாமல் எழுதியிருப்பேன். இங்கே அது தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று யோசித்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது.

மூன்று வாரம் பதில் இல்லை. உடனே நம் ஊர் புத்தி: பேராசிரியரையும் சேர்த்து இன்னொரு மின்னஞ்சல், "இதுவரை பதில் வரவில்லை" என்று. மறுநாள் அந்த மேலாளரிடமிருந்து போன் வந்தது. குரல் உயரவே இல்லை. "உங்கள் பேராசிரியர் எனக்கு மேலதிகாரி இல்லை, அம்மா. கடிதம் கொடுப்பது நானும் இல்லை. கூட்டம்தான் கொடுக்கும். முதலில் திட்டக் கூட்டத்துக்கு வந்து நிகழ்ச்சி நிரலில் பெயர் போடுங்கள்." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

திட்டக் கூட்டம் ஜூனில், காலை 10 மணிக்கு. கைக்கடிகாரத்தில் 9:50-க்குப் போய் நின்றேன், பத்து நிமிடம் முன்னால் வந்த பெருமையோடு. வாசலில் ஒரே ஒரு லாரி. உள்ளே அந்த மேலாளர் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் 10:50. அரிசோனா கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் மாற்றுவதில்லை. நவஹோ நேஷன் மாற்றும். அதன் நடுவில் இருக்கிற இன்னொரு பழங்குடியான ஹோபிக்காரர்கள் மாற்ற மாட்டார்கள். நவஹோ ஊரான டூபா சிட்டியில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு நேரம், எதிர்ப்பக்கம் ஹோபி ஊரான மோயன்கோபியில் ஒரு நேரம். இரண்டு வருஷமாக அரிசோனாவில் இருக்கிறேன், இதை யாரும் சொல்லவில்லை. சரி, நானும் கேட்கவில்லை.

அவர் திட்டவில்லை. நானும் நாற்காலி மடக்கினேன். ஏதாவது பேசியாக வேண்டுமே என்று கையை நீட்டி "அந்தக் கிணறு எது" என்று ஜன்னலைக் காட்டினேன். அவர் உதட்டை லேசாகக் குவித்து அந்தத் திசையைக் காட்டினார். விரலை நீட்டுவது அங்கே மரியாதைக் குறைவு என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இரண்டாவது பயணம் ஆகஸ்டில், பொதுக் கூட்டத்துக்கு. இதில் யார் மேலும் குற்றம் இல்லை. தீர்மானம் போட 25 உறுப்பினர் இருக்க வேண்டும். 19 பேர்தான் வந்தார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கலைந்தோம். அன்று நான் செய்த ஒரே முட்டாள்தனம், எதையும் கேட்காமல் மண்டபத்தை போட்டோ எடுத்தது. துணைத் தலைவர் பக்கத்தில் வந்து அழிக்கச் சொன்னார், அழித்தேன்.

செப்டம்பரில் 35 பேர். கூட்டம் நவஹோ மொழியில் நடந்தது. மேலாளர் என் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். அங்கே பேச எழுந்தால் முதலில் தாய் வழிக் குலம், பிறகு தகப்பன் வழி, பிறகு தாத்தாமார் இருவர் வழி என்று சொல்லிவிட்டுத்தான் பேசுகிறார்கள். எனக்குக் குலம் எதுவும் ஜோடிக்க வேண்டாம் என்று அவரே முன்னதாகச் சொல்லியிருந்தார். "யாட்டே" என்று வணக்கம் சொல்லி, ஊர் உசிலம்பட்டி பக்கம், அப்பா இன்னார், அம்மா இன்னார், எங்கள் ஊரிலும் தண்ணீர் லாரியில்தான் வரும் என்றேன். பின்வரிசைப் பாட்டிகள் தலையாட்டினார்கள். எத்தனையோ கருத்தரங்கில் பேசியிருக்கிறேன், இந்த அளவுக்கு யாரும் கவனித்ததில்லை.

பேசி முடித்ததும் ஒரே அமைதி. புரியவில்லையோ என்று மறுபடி ஆரம்பிக்கப் போனேன். மேலாளர் என் முழங்கையில் விரல் வைத்து நிறுத்தினார். அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு தாத்தா எழுந்து ஒரே கேள்வி கேட்டார்: "தண்ணீரை எடுத்துப் போவாய். அதில் கிடைக்கிற கணக்கு யாருடையது?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் நிறைய இருக்கிறது. 1979 ஜூலையில் நவஹோ பகுதியை ஒட்டிய சர்ச் ராக்கில் யுரேனிய ஆலையின் கழிவு அணை உடைந்து 9.4 கோடி காலன் கதிரியக்க நீர் புவெர்கோ ஆற்றில் ஓடியது. பக்கத்து ஹவசுபாய் பழங்குடி மக்களிடம் சர்க்கரை நோய் ஆய்வுக்கு என்று எடுத்த இரத்தத்தை வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தி, வழக்காகி, 2010-ல் 7 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தார்கள். நவஹோ அரசு 2002-லேயே மரபணு ஆய்வுக்குத் தடை போட்டுவிட்டது. எல்லாம் என் 38 பக்கத்தில் மேற்கோளாக இருந்தவைதான். அந்தத் தாத்தா கேட்ட விதத்தில்தான் எனக்கு உறைத்தது.

"நவஹோ நேஷனுடையது. உங்களிடம் காட்டி அனுமதி வாங்காமல் எதையும் வெளியிட மாட்டேன்" என்றேன். உட்கார்ந்துவிட்டார். வாக்கெடுப்பு, பிறகு ஆட்டுக்கறிக் குழம்பும் பொரித்த ரொட்டியும். பெரியவர்கள் எடுத்த பிறகுதான் மற்றவர்கள். அதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

சில குறிப்புகள். கடிதத்தில் பதவியை முழுதாக எழுதுங்கள். போன் செய்தால் முதல் நிமிடமே விஷயத்துக்குத் தாவாதீர்கள். கை குலுக்கினால் மென்மையாக, அழுத்தாமல். தமிழில் எழுதும்போதும் 'செவ்விந்தியர்' வேண்டாம். அவர்கள் தங்களை தினே என்கிறார்கள்.

இனி அனுமதிக் குழுவின் நவம்பர் கூட்டம். அதற்குள் அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பியிருப்பார்கள், இரண்டு பக்கமும் ஒரே நேரம்தான். இருந்தாலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பப் போகிறேன்.