எத்தனை எலி, ஏன்?

புதுச்சேரியோ சிதம்பரமோ, எலியை ஆய்வுக்கு எடுக்குமுன் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் படிவம் பி-யில் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். விண்ணப்பம் சறுக்கும் இடம் எண்ணிக்கை. "ஒரு எலிக் குழுவுக்கு 8, வழக்கம்" என்று எழுதாதீர்கள். முந்தைய தரவு இருந்தால் புள்ளியியல் திறன் கணக்கே, அதாவது விளைவு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க எத்தனை எலி போதும் என்ற கணக்கே, நல்லது. இல்லையென்றால் மொத்த எலிகளிலிருந்து குழுக்களின் எண்ணிக்கையைக் கழியுங்கள். விடை 10 முதல் 20-க்குள் வர வேண்டும். 4 குழு, தலா 6: 24−4=20, சரி. தலா 8 என்றால் 32−4=28. எட்டு உயிர் வீண்.

வலி மிஞ்சினால் எப்போது நிறுத்துவீர்கள் என்பதையும் எழுதுங்கள். எடை 20 சதவீதம் குறைந்தால் என்பதுபோல், அளக்கக்கூடியதாக.

கூண்டறை 18–29 டிகிரியில் இருக்க வேண்டும். இங்கே மே மாதத்தில் ஏசி நின்றால் அது உடனே கைமீறும்; ஜெனரேட்டர் தானாக ஓடுகிறதா, இரவில் யார் பார்ப்பார் என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

இதெல்லாம் ஆய்வுக்குத்தான்; விலங்கியல் வகுப்பில் விலங்குகளை அறுத்துப் பார்ப்பதை 2014-இலேயே பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்தச் சொல்லிவிட்டது.