படத்தின் கீழே ஊர்ப் பெயர்

நான் எடுத்த கூகை ஆந்தைப் படம் அச்சான நாட்காட்டியைக் கையில் வாங்கிய மடைக்கார அண்ணன் கூகையைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். அவர் பெருவிரல் தாளின் அடி ஓரத்துக்குப் போய், பொடி எழுத்தை ஒவ்வொன்றாகத் தடவியது. ‘கூகை, மதுரை மாவட்டம்.’ அதற்கடுத்து என் பெயர்.

“நம்மூருப் பேரு எங்க தம்பி?”

“வேணும்னுதான் போடலண்ணே. பேரு தெரிஞ்சா கண்ட ஆளும் வந்துருவாங்க.”

“வரட்டுமே. வந்தாத்தான இப்பிடி ஒரு கம்மா இருக்குன்னு தெரியும்?”

நான் பதில் சொல்லவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

என் பக்கத்துக் காரணங்கள் வலுவானவை. தீபாவளி நெருங்கும்போது மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்கிற கொடுமை இந்த நாட்டில் நடக்கிறது. அதைப் பற்றி, வனவுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010-லேயே அறிக்கை வெளியிட்டது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் ஆந்தை பிடிப்பதைத் தடுத்தாலும், ராத்திரியில் கண்மாய்க் கரையில் சட்டம் வந்து காவல் நிற்பதில்லை. எங்கள் தொழிலிலும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. போனில் ஆந்தைச் சத்தத்தை ஒலிக்கவிட்டு வரவழைப்பவர்கள், கூண்டு எலியைத் திறந்துவிட்டுக் காத்திருப்பவர்கள், பொந்துக்கு நேராக ஃபிளாஷ் அடிப்பவர்கள் என்று எல்லாரையும் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயரை மறைப்பதுதான் பறவைக்கு நான் செய்யக்கூடிய காவல் என்று நம்பினேன். இப்போதும் பெரும்பாலும் நம்புகிறேன்.

ஆனால் அந்தப் படம் கிடைத்ததே மடைக்கார அண்ணனால்தான். தை மாதம் தண்ணீர் வற்றத் தொடங்கி, கண்மாயில் தண்ணீர் நிற்கும் உள்வாய் சேறும் கோரையுமாகக் கிடக்கிற நேரத்தில், சூரியன் இறங்கியதும் கூகை வெளியே வரும். கோரைக்கு மேல் ஆள் உயரத்தில், தலையைக் கவிழ்த்து, உழவு சால் மாதிரி போவதும் திரும்புவதுமாக இருக்கும். சிறகின் முன்விளிம்பு பல் பல்லாக இருப்பதால் அது வரும் சத்தமே நமக்குக் கேட்காது. ஆனால் நம் சத்தமெல்லாம் அதற்குக் கேட்கும். அதன் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை. சேற்றில் எலி நகர்ந்தால் எந்த இடம் என்று இருட்டிலும் பிடித்துவிடும். வெளிச்சம் குறைந்ததால் கேமராவின் ஒளி உணர்திறனை, ஐஎஸ்ஓவை, 6400-க்கு ஏற்றியும் ஷட்டர் வேகம் போதாமல் இறக்கை கலங்கிக்கொண்டே இருந்தது.

“வாடக்காத்து அடிக்கிது. அது காத்த எதுத்துத்தான் மெதுவாப் பறக்கும். வடகெழக்கால போயி நில்லு தம்பி” என்றார். அங்கே நின்றால் மேற்கு வெளிச்சம் லென்ஸுக்கு நேர் எதிரே விழும். தயங்கித்தான் போனேன். கூகை என்னை நோக்கியே வந்தது. இறகு வழியாக வெளிச்சம் ஊடுருவி, ஒவ்வொரு பட்டையும் தனியாகத் தெரிந்தது. தொங்கிய ஒரு காலில் சேறு காய்ந்திருந்தது. இருபது வருடம் கேமரா பிடித்தவனுக்கும் தோன்றாத இடம் அது. நடவு முடிந்ததும் தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றி, ராத்திரி அதில் கூகை உட்காருவதையும் வரப்பெலி குறைவதையும் பார்த்துப் பழகிய மனுசருக்கு அது தெரிந்திருந்தது.

அப்படியிருக்க, படத்தில் என் பெயர் இருக்கிறது, அவர் ஊர் இல்லை.

அவர் கேட்டது பெருமைக்காக மட்டும் இல்லை என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. உள்வாய்க்கு மேல்புறம் வீட்டுமனைக்கு பிளாட் கல் ஊன்றியிருக்கிறார்கள். பெயரில்லாத கண்மாயை யார் கேட்பார்கள்? மேலூர் பக்கம் அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024 இறுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது, அந்த ஊரின் பெயரும் அங்குள்ள ராஜாளிகளின் கதையும் எல்லார் வாயிலும் இருந்தன. சனங்கள் திரண்டார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ரத்தானது போராட்டத்தால்தான், படங்களால் அல்ல. ஆனாலும் ஊரை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தால் அவ்வளவு குரல் சேர்ந்திருக்குமா?

அரிட்டாபட்டி பெரிய இடம், மலையும் குடைவரையும் உள்ள ஊர். ஒரு சின்னக் கண்மாயை அதோடு ஒப்பிட முடியாது என்று எனக்கு நானே வாதாடுகிறேன். சின்னது என்பதால்தான் பெயர் வேண்டும் என்று அவர் சொல்லக்கூடும்.

அடுத்த நாட்காட்டிக்கும் படம் கேட்டிருக்கிறார்கள். ஊராரிடம் பேசி, சம்மதித்தால் கண்மாயின் பெயரைப் போடலாம், பொந்து இருக்கும் மரத்தை மட்டும் சொல்லாமல் விடலாம் என்று நேற்று முடிவு செய்தேன். இன்று காலையில் அதுவும் ஆட்டம் கண்டுவிட்டது. அந்தக் கரையில் பெரிய மரமே நாலைந்துதான். பெயர் தெரிந்து வருகிறவனுக்கு எந்த மரம் என்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போதும்.