கமாகா பட்டறையில் ஒரு காலைப்பொழுது

வைக்கிக்கி கடற்கரை மணலில் கிடந்தது போதும் என்று ஹவாய்த் தலைநகர் ஹொனலுலுவின் ககாஅகோ பக்கம் கிளம்பினோம். குட்டி கிட்டார் மாதிரி இருக்கும் நாலு கம்பி வாத்தியமான உகுலேலே செய்கிற கமாகா பட்டறை அங்கே சவுத் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. 1916-இல் சாமுவேல் கமாகா தொடங்கியது, இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான். சுற்றிப் பார்க்கக் காசு கிடையாது.

உள்ளே போனதும் மரத்தூள் வாசனை. அடுக்கி வைத்திருப்பதெல்லாம் ஹவாய்த் தீவுகளுக்கே உரிய கோவா மரம். நீலகிரியில் காட்டைக் கெடுக்கிறது என்று நாம் திட்டுகிற சீகை மரத்துக்கு இது பங்காளி முறை! ஆண்டுக்கணக்கில் காயப்போட்ட பிறகுதான் வாளை வைக்கிறார்கள். அவசரப்பட்டால் பின்னாளில் வெடிப்பு விடும்.

ஒரே பலகையை மெல்லிசாகப் பிளந்து, புத்தகத்தை விரித்தாற்போல் பக்கத்தில் பக்கம் வைத்து ஒட்டுகிறார்கள். மரத்தின் வரிகள் இரு பாதியிலும் அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன. அடுத்தது இழைப்பு. நான் அதிக நேரம் நின்றது இங்கேதான். பலகை கனத்தால் ஒலி அமுங்கும், மெலிந்தால் கம்பியின் இழுப்புக்குத் தாங்காது. 1953-இல் பட்டறையைத் தொடங்கிய மூத்த கமாகா இறந்ததும், பூச்சியியல் முனைவர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அதை நடத்த வந்தவர் அதே பெயர்கொண்ட மகன் சாமுவேல். அவர் காலத்தில் காது கேளாத பலரை வேலைக்குச் சேர்த்தார்கள். பலகையைத் தட்டி, விரல் நுனியில் ஏறும் அதிர்வை வைத்தே கனத்தைக் கணித்துவிடுவார்களாம். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற நானும் தட்டிப் பார்த்தேன். எல்லாமே ஒரே 'டொக்'.

அன்னாசி வடிவ உகுலேலே மூத்த கமாகாவின் கைவரிசை. 1928-இல் காப்புரிமை வாங்கியிருக்கிறார். இடுப்பு வளைவு இல்லாததால் பக்கப்பலகையை வளைப்பது சுலபம். பார்க்கவும் எனக்கு அதுதான் பிடித்தது.

அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மானுவேல் நூனிஷ், போர்ச்சுகலின் மதெய்ராத் தீவிலிருந்து 1879-இல் கரும்புத் தோட்டத்துக்கென்று ஆட்களை ஏற்றிவந்த கப்பலில் இறங்கியவர். அதே ஆண்டுதான் இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் பிஜி போய்ச் சேர்ந்தது. எல்லாம் சர்க்கரை படுத்திய பாடு.

'சொப்ரானோ' என்கிற சின்ன அளவு உகுலேலேவே ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. வேலையைப் பார்த்த பிறகு அதிகம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் வாங்கவும் இல்லை. இங்கிருந்து இயோலானி அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம். இந்த வாத்தியத்தை அரசவை வரை கொண்டுபோன கலாகவுவா மன்னர் கட்டியது. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.