நீலச் சரை: பத்து நிமிடக் கதையை மூன்றாகப் பிரித்த அனுபவம்

நான் எழுதும் பத்து நிமிடக் குறும்படத்தின் கதை இதுதான். திருகோணமலை டச்பே கடற்கரையில் கச்சான் விற்கும் சிறுவன் ஒருவன், சரை சுற்ற எடுத்துவந்த பழைய தாள்களோடு அம்மம்மாவின் நீல நிற ஏர்மெயில் கடிதத்தையும் சேர்த்துச் சுற்றி யாருக்கோ விற்றுவிடுகிறான். அம்மப்பா வெளிநாட்டிலிருந்து எழுதிய கடைசிக் கடிதம் அது.

முதல் வரைவு 14 பக்கம் வந்தது. கடிதம் கைமாறுவதோ 6ஆம் பக்கத்தில். அதுவரை வீடு, பள்ளிக்கூடம், அம்மாவின் கடன் என்று விளக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். 120 பக்க முழுநீளப் படத்துக்கு 30, 60, 30 என்று மூன்று பாகமாகப் பிரிப்பார்கள். அதே கணக்கில் பத்து நிமிடத்துக்கு இரண்டரை, ஐந்து, இரண்டரை. ஆனால் குறும்படத்துக்கு அந்த இரண்டரை நிமிட முன்கதையே பெரிய சுமை. இப்போது முதல் காட்சியிலேயே அவன் கை சரை சுற்றுகிறது. கடன் பற்றி ஒரு வசனமும் கிடையாது. கிழிந்த செருப்பை ஊசியால் குத்திப் போட்டிருக்கிறான், அது போதும்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கையும் கைவிட்டேன். அது ஆங்கிலத்தில் கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் அடிப்பதற்கான கணக்கு. தமிழில் எழுத்துருவும் சொல் நீளமும் மாறுவதால் ஒத்து வராது. அதனால் கைபேசியில் நேரம் வைத்து வசனங்களை வாய்விட்டு வாசித்தேன். சிறுவன் கரையோரம் தேடி ஓடும் இடம் தாளில் வெறும் நான்கு வரி. கடற்கரைக்கே போய் மணலில் ஓடிப் பார்த்தால் ஒன்றே கால் நிமிடம் போய்விட்டது.

அப்புறம் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் காட்சிக்கு ஒன்றாக எழுதி, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தரையில் பரப்பினேன். மொத்தம் 17 தாள். முதல் பாகம் எங்கே முடிகிறது என்பதில்தான் இரண்டு வாரம் நின்றுவிட்டேன். கடிதம் காணாமல் போனதை அவன் அறியும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒளிப்பதிவு செய்யப்போகும் கிண்ணியா நண்பன் கேட்டான்: “மச்சான், கடிதம் போனது அவனுக்கு நடந்தது. அவன் என்ன செஞ்சான்?”

அந்தக் கேள்விதான் கதையைத் திறந்தது. காணவில்லை என்று தெரிந்த பிறகும் அவன் பேசாமல் விற்றுக்கொண்டே இருக்கலாமே! கச்சான் கடகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறானே, அங்கேதான் திரும்பிப் போக முடியாத இடம் வருகிறது. நம் ஊரில் பாதுகாப்பில்லாமல் கடகத்தை வைத்தால் என்ன ஆகும்? மான்கள் வந்துவிடும். கோட்டைப் பக்கத்திலிருந்து வீதிக்கும் கடற்கரைக்கும் அவை வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவன் ஓட, பின்னால் இரண்டு மான்கள் கடகத்துக்குள் தலையை விடுகின்றன. முதல் பாகம் அங்கே முடிகிறது.

நடுப்பாகம் தொய்ந்து கிடந்தது. ஒருவரிடம் கேட்கிறான், அப்புறம் இன்னொருவரிடம், அப்புறம் இன்னொருவரிடம். தாள்களுக்கு நடுவே “அப்புறம்” வரும் இடங்களை எல்லாம் “அதனால்” அல்லது “ஆனால்” என்று மாற்ற முடிகிறதா என்று பார்த்தேன். மாற்ற முடியாத ஐந்து தாளை எடுத்துவிட்டேன். சரியாக நடுவில் ஒரு திருப்பமும் கிடைத்தது: நீலச் சரை அகப்படுகிறது, ஆனால் அதில் இருப்பது கடிதத்தின் மேல்பாதி மட்டும். அவசரத்தில் கிழித்து இரண்டு சரை சுற்றியிருக்கிறான். கீழ்ப்பாதி கொழும்பு பஸ் ஏறப் போனவர் கையில். பஸ் போய்விட்டதுடன் இரண்டாம் பாகம் முடிகிறது.

மூன்றாம் பாகத்தை நான்கு விதமாக எழுதினேன். எல்லாவற்றிலும் யாரோ அந்தப் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு நாள் என் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை மடித்தபடி சொன்னா: “ஏன் தம்பி இவ்வளவு தேடுறான்? அந்தக் கடிதம் அவளுக்குப் பாடமா இருக்குமே.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அன்றிரவே எழுதினேன். சிறுவன் எண்ணெய் பட்ட மேல்பாதியை நீட்டுகிறான். கிழவி அதை வாசிக்கவே இல்லை. கீழ்ப்பாதியை, கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாள்.

இப்போது 12 தாள், வாசித்துப் பார்த்தால் 9 நிமிடம் 40 விநாடி. கதை முழுக்க ஒரே மாலைப்பொழுதில் நடக்கிறது. நம் கரை கிழக்குப் பார்த்தது; சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும், கடற்கரையில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். மாரி முடிந்து மார்ச் மாதம், நான்கு மாலைகளில் எடுக்க நினைத்திருக்கிறோம். அதற்குள் அந்தக் கீழ்ப்பாதியில் அம்மப்பா என்ன எழுதியிருந்தார் என்பதை எழுத வேண்டும். ஆறு வரிக்கு மேல் போகக் கூடாது. அம்மம்மாவிடமே கேட்கலாம் என்றிருக்கிறேன்.