போரிஸ் கோதுனோவ்: ஒத்திகைக் கால நாட்குறிப்பு

செப்டம்பர் 2

இந்த ஓபராவின் எந்தப் பிரதியை மேடையேற்றுவது என்ற கேள்விக்கு இன்றும் முடிவு கிடைக்கவில்லை. 1869இல் ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி எழுதி முடித்த ஏழு காட்சிப் பிரதியே போதும், இடைவேளை கூட இல்லாமல் முடித்துவிடலாம், ரஷ்ய மொழி தெரியாத லண்டன் ரசிகர்கள் அதற்கு மேல் உட்காரமாட்டார்கள் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அந்தப் பிரதியை அரசு அரங்குகளின் நிர்வாகம் அன்றே திருப்பி அனுப்பியது. முதன்மையான பெண் பாத்திரம் இல்லை என்பது ஒரு காரணம். பிறகு போலந்துப் பிரபுவின் மகள் மரீனாவையும் அவள் வரும் போலந்து அங்கத்தையும் சேர்த்து அவர் திருத்திய பிரதிதான் 1874இல் மரின்ஸ்கி அரங்கில் ஏறியது. மரீனா இல்லாவிட்டாலும் எனக்குப் பெரிய வருத்தமில்லை. என் கவலையெல்லாம் குரோமிக் காடு என்ற கடைசிக் காட்சியைப் பற்றியது. முதல் பிரதி ஜாரின் மரணத்தோடு முடிகிறது. திருத்திய பிரதியிலோ ஜார் இறந்த பிறகும் கதை நிற்பதில்லை: இறந்த இளவரசன் திமித்ரி நானே என்று சொல்லிக்கொள்ளும் பொய் திமித்ரியின் பின்னால் கலகக் கூட்டம் போய்விட, பித்தன் ஒருவன் மட்டும் மேடையில் எஞ்சி, பசித்த ரஷ்ய மக்களை அழச் சொல்கிறான். அந்தக் காட்சியை வெட்டினால் இது அந்த இளவரசனைக் கொன்ற குற்ற உணர்வில் செத்த ஓர் அரசனின் கதையாகச் சுருங்கிவிடும்.

செப்டம்பர் 3

முடிசூட்டுக் காட்சிக்கான மணிகள் இன்னும் வந்து சேரவில்லை.

செப்டம்பர் 6

நொவோதேவிச்சி மடத்து வாசல் காட்சி. போரிஸ் முடிசூட இசைய வேண்டும் என்று மன்றாடும்படி ஒரு காவல் அதிகாரி தடியோடு நின்று மக்களை அதட்டுகிறான். எங்கள் சேர்ந்திசைக் குழு அதைத் தேவாலயத்தில் பாடுவதைப் போல அத்தனை இனிமையாகப் பாடியது; உச்சரிப்புப் பயிற்சியாளர் கூடப் பாராட்டினார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மக்கள் உண்மையில் அழவில்லை, அழ வைக்கப்படுகிறார்கள். எதற்காக ஓலமிடுகிறோம் என்று ஒருவர் மித்யூகாவிடம் கேட்க, எனக்கென்ன தெரியும் என்கிறான் அவன். ஓபரா முழுவதற்கும் இந்தக் கேள்விதான் அடித்தளம்.

மதியம் இயக்குநர் எல்லாரையும் முழங்காலில் உட்காரவைத்து மீண்டும் தொடங்கினார். அதிகாரி அந்தப் பக்கம் நகர்ந்ததும் முன் வரிசைப் பெண் ஒருவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, தொண்டை கட்டிவிட்டது, கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கும் வரியை, பாட்டு என்றே தோன்றாதபடி பாடினார். அறையில் இருந்த யாருக்கும் அந்த இடத்தில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அதிகாரி திரும்பி வந்தவுடன் அதே வாய்கள் ஓலமிட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

செப்டம்பர் 9

போரிஸாகப் பாடுபவருக்குத் தொண்டை வீங்கியிருக்கிறது. ஒரு வாரத்துக்கு வாயே திறக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாற்றுப் பாடகர் இளைஞர். குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் முடிசூட்டு விழாவில் அவரிடம் அச்சம் தெரிவதில்லை, கம்பீரம் மட்டுமே தெரிகிறது.

இரவு முழுவதும் 1908ஆம் ஆண்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மே மாதம் பாரிஸ் ஓபராவில் டியாகிலெவ் இதை மேடையேற்றியபோது போரிஸாகப் பாடியவர் ஷல்யாப்பின். ரஷ்யாவுக்கு வெளியே இந்த ஓபராவின் பெயர் பரவியது அதிலிருந்துதான். பாடப்பட்டது இன்னொரு இசையமைப்பாளரான ரிம்ஸ்கி-கோர்சகோவ் செப்பனிட்ட பிரதி. எல்லைப்புற விடுதிக் காட்சியை நீக்கியிருந்தார்கள். 1913இல் நியூயார்க்கில் டோஸ்கனினி இசை நடத்தியபோது இத்தாலிய மொழியில் பாடினார்கள். வெளிநாட்டு ரசிகர்களுக்காக என்று சொல்லிச் சொல்லியே இந்த ஓபராவின் சொரசொரப்பை ஒவ்வொருவரும் தேய்த்திருக்கிறார்கள். நாங்கள் முசோர்க்ஸ்கியின் சொந்த வாத்திய அமைப்பையே வாசிக்கிறோம். அது வறண்டு ஒலிக்கும் இடங்களில் வறண்டே ஒலிக்கட்டும்.

செப்டம்பர் 10

போரிஸ் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: “கடிகாரக் காட்சியை எனக்காக வையுங்கள்.” கடிகாரம் அடிக்கும்போது, இறந்த சிறுவனின் உருவம் மூலையில் ஜாருக்குத் தெரியும் காட்சி அது.

செப்டம்பர் 13

மணிகள் வந்துவிட்டன! முடிசூட்டுக் காட்சியின் தொடக்கத்தில் இரண்டே இரண்டு ஸ்வரக் கூட்டுகள் மாறி மாறி ஒலிக்கின்றன. இரண்டுக்கும் பொதுவாக இரண்டு ஸ்வரங்கள் இருந்தும், அடி ஸ்வரங்கள் ஒன்றுக்கொன்று மிகவும் விலகி நிற்பதால், காது எதிலும் நிலைகொள்ள முடியவில்லை. விழாவின் கோலாகலத்துக்குள்ளேயே அரியணையின் ஆட்டம் கேட்டுவிடுகிறது. பதிவு செய்த ஒலியே போதும் என்றவர்கள் இன்று அரங்கின் பின்சுவர் அதிர்ந்ததைக் கேட்டிருக்க வேண்டும்.

செப்டம்பர் 15

மேடைக்கு மேலே ஒளிரும் ஆங்கில வரிகளைப் பற்றி இன்று நீண்ட வாக்குவாதம் நடந்தது. விடுதியில் நாடோடித் துறவி வர்லாம் பிடியாணையை எழுத்துக் கூட்டித் தட்டுத் தடுமாறி வாசிக்கிறான். தேடப்படுபவன், பின்னால் பொய் திமித்ரி ஆகப்போகிறவன், பக்கத்திலேயே நிற்கிறான். முழு வாக்கியத்தையும் ஒரே நொடியில் திரையில் போட்டுவிட்டால், வர்லாம் முதல் சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் ரசிகர்கள் கடைசிச் சொல்லைப் படித்துவிடுவார்கள், பிறகு அங்கே பாட என்ன இருக்கிறது? துண்டு துண்டாகத்தான் வர வேண்டும் என்று நான் விடவில்லை. இறுதியில் ஒப்புக்கொண்டார்கள்.

செப்டம்பர் 17

குரோமிக் காடு இருக்கிறது! திருத்திய பிரதியோடு, முதல் பிரதியில் மட்டுமே உள்ள புனித பசீல் ஆலயக் காட்சியையும் சேர்க்கிறோம். இரண்டிலும் சிறுவர்கள் பித்தனின் காசைப் பறிக்கிறார்கள் என்பதால் அதை ஆலய வாசலோடு நிறுத்திக்கொண்டு, புலம்பலைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறோம். குட்டி இளவரசனை வெட்டியதைப் போல இவர்களையும் வெட்டு என்று பித்தன் ஜாரின் முகத்துக்கு நேரே கேட்கிறான்; எனக்காக ஜெபி என்று ஜார் வேண்டும்போது, குழந்தைகளைக் கொன்ற ஏரோது மன்னனுக்காக ஜெபிக்க முடியாது என்று மறுக்கிறான். 1591இல் உக்லிச்சில் அந்தச் சிறுவன் எப்படி இறந்தான் என்பதை வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கட்டும். மேடையில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பவன் பித்தன் ஒருவனே.

செப்டம்பர் 20

போரிஸ் திரும்பிவிட்டார். பாதிக் குரலில்தான் பாடினார். உக்லிச்சில் கிடத்தியிருந்த சிறுவனின் உடல் அழியாமல் இருந்ததைப் பிரபு ஷூய்ஸ்கி விவரிக்கும்போதே அவருடைய கை நாற்காலியின் விளிம்பைத் தேடத் தொடங்கியது. கடிகாரம் அடிக்க ஆரம்பித்ததும் மூலையைப் பார்த்தார். ஒத்திகை பார்க்க வந்திருந்த தையல்காரர்கள் இருவரும் தங்களை அறியாமல் அதே மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 22

தூக்கம் இல்லை.

செப்டம்பர் 23

முழு ஆடையோடு ஒத்திகை. பதினொன்றரைக்கு முடிந்தது. முடிவதற்குள்ளேயே அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டார்: புறநகர் ரசிகர்கள் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும், ஜார் இறந்தவுடன் திரையை இறக்கினால் என்ன? இறக்கினால் மித்யூகாவிடம் கேட்ட கேள்வி காற்றில் போய்விடும் என்று இயக்குநருக்கு முன்பாகவே சொன்னேன். நேரம்தான் சிக்கல் என்றால் போலந்து அங்கத்தில் மரீனாவின் அறைக் காட்சியை எடுத்துவிடலாம். நீரூற்றுக் காட்சி ஒன்றே அவளுடைய பேராசையைக் காட்டிவிடும். மரீனாவைப் பாடுபவருக்கு இது பெரும் இழப்பு, அவரிடம் நானே நேரில் பேசுகிறேன். காலை ஒன்பதரைக்குக் கூட்டம். அதற்குள் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்று இசைப்பிரதியில் குறித்து இசை நடத்துநரிடம் கொடுத்தாக வேண்டும்.