அம்பாங் வெள்ளை மண்ணும் டோபா சாம்பலும்

கோலாலம்பூருக்கு மேற்கே, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 320 கிலோமீட்டரில், சுமத்ராவில், டோபா ஏரி இருக்கிறது. அது ஓர் எரிமலைக் கால்டெரா. 100 கி.மீ. நீளம், 30 கி.மீ. அகலம். கூம்பு மலையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். கால்டெரா என்பது உள்ளே விழுந்த நிலம். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அடியிலிருந்து ஏறக்குறைய 2,800 கன கி.மீ. பாறைக்குழம்பு வெளியேறியதும், மேலே கிடந்த தரை தாங்குவாரின்றி அமுங்கியது. அதே இடத்தில் அதற்கு முன்பும் பெருவெடிப்புகள் நடந்திருக்கின்றன. நடுவிலுள்ள சமோசிர் தீவு, பிற்பாடு மீண்டும் மேலெழும்பிய கால்டெராத் தரை. அதன் மேட்டில் ஏரி வண்டல் கிடக்கிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்த வெடிப்பின் சாம்பல் பேராக்கின் லெங்கோங்கிலும் உண்டு, நம் அம்பாங் பக்கமும் உண்டு. ஆனால் ஈய லம்பத்தில் (ஈயச் சுரங்கக் குழியில்) தெரியும் வெள்ளை மண்ணெல்லாம் சாம்பல் ஆகாது; பெரும்பாலும் கருங்கல் மட்கி உண்டான கயோலின் என்ற வெள்ளைக் களிமண்தான்.

பிரித்தறிய, வெயில் பட்ட மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு உள்ளிருந்து ஒரு கைப்பிடி எடுங்கள். ஈரப்படுத்தித் தேய்த்தால் கயோலின் வழுக்கும், சாம்பல் நறநறக்கும். அடுத்து, 10 செ.மீ. ஆழத் தண்ணீரில் கலக்கி, 3 நிமிடம் விட்டு, கலங்கலைக் கொட்டுங்கள். நீர் தெளியும்வரை இதையே திரும்பச் செய்யவேண்டும். அவசரப்பட்டு அரை நிமிடத்தில் கொட்டினால் நுண்ணிய கண்ணாடித் துணுக்குகளும் போய்விடும், மிஞ்சுவது ஆற்றுமணல்தான். அடியில் தங்கியதை உலர்த்தி, 100 மடங்கு நுண்ணோக்கியில் பாருங்கள். உடைந்த குமிழிச் சுவர் போல வளைந்த துணுக்குகள் தெரிந்தால் அது எரிமலைச் சாம்பல். குறுக்குத் துருவ ஒளியில் (ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரு துருவ வடிகட்டிகளுக்கிடையே) நுண்ணோக்கி மேடையை எப்படிச் சுழற்றினாலும் அவை இருண்டே நிற்கும். குவார்ட்ஸ் மணல் மின்னி மின்னி அணையும். துணுக்கே இல்லையென்றாலும் உடனே கைவிடாதீர்கள். நம் மழையில் கண்ணாடி களிமண்ணாக மாறிவிடுவது சகஜம்.

படிவின் தடிமனை வைத்து எவ்வளவு சாம்பல் விழுந்தது என்று கணக்குப் போடுவது இன்னொரு வம்பு. பள்ளத்தாக்கில் மீட்டர் கணக்கில் கிடப்பது அப்படியே வானத்திலிருந்து விழுந்ததல்ல. மேட்டுச் சாம்பலை மழையும் ஆறும் அடித்து வந்து சேர்த்தது. குறுக்கு வரிகளும் கூழாங்கல்லும் தென்பட்டால் அந்த அளவை விட்டுவிடுங்கள்.

வயதுக்குக் கார்பன் முறை உதவாது, அதன் எல்லை ஏறத்தாழ 50,000 ஆண்டு. சாம்பலிலுள்ள சானிடின் என்ற பொட்டாசியக் கனிமத்தின் படிகங்களில் ஆர்கான் வாயுவை அளவிட வேண்டும். எந்த வெடிப்பின் சாம்பல் என்பதைக் கண்ணாடி, பயோடைட் (கரிய மைக்கா) ஆகியவற்றின் வேதியியலை டோபாக் கரைப் பாறையோடு ஒப்பிட்டுத்தான் சொல்லலாம்.