ரிப்போர்ட் வரும்வரை: ஹைதராபாத் குறிப்புகள்

நவம்பர் 13, 2024, புதன்

அப்பாவுக்குப் பரிசோதனைக்காக ஊசியில் சதை எடுத்தாயிற்று. மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது, "வெளியில மழையாம்மா?" மழையெல்லாம் இல்லை. தலைக்கு மேலே ஏசி இரைகிற சத்தம்.

திங்கட்கிழமை ரிப்போர்ட்.

நவம்பர் 14, வியாழன்

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் அப்பாவின் கண்ணில் மஞ்சள் குறைந்த மாதிரி தெரிகிறது. டியூப்லைட்டில் பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது. பித்தம் வடியக் குழாய் வைத்தபிறகு மெல்ல இறங்கும் என்றார் சின்ன டாக்டர். எத்தனை நாளில் என்றால், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி என்கிறார்.

லாட்ஜில் தங்கியிருக்கிற எல்லாரும் எங்களைப் போலத்தான். ஒடிசா, வங்காளம், ஒரு குடும்பம் அசாமிலிருந்து. பொதுச் சமையலறையில் யாரும் யாரிடமும் என்ன நோய் என்று கேட்பதில்லை. கையிலிருக்கும் ஃபைல் எவ்வளவு தடிமன் என்று ஒரு பார்வை, அவ்வளவுதான்.

தம்பி சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, திங்கட்கிழமை வரைக்கும் ரூமுக்குள்ளயே உட்கார்ந்திருக்கப் போறீங்களா? ஒரு கார், ஒரு கைடு வச்சு ஊரைச் சுத்திப் பாருங்க. பணம் நான் அனுப்புறேன்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுற்றிப் பார்க்கிற நேரமா இது? அப்பா கட்டிலில் படுத்தபடியே, "போலாமே" என்றார்.

டாக்டரிடம் கேட்டேன். நடக்கலாம், படி ஏறக்கூடாது, எண்ணெய்ப் பண்டம் கூடாது, களைப்பாக இருந்தால் உடனே திரும்பிவிட வேண்டும்.

நவம்பர் 15, வெள்ளி

வெள்ளிக்கிழமை சாலார் ஜங் அருங்காட்சியகம் விடுமுறை. அதனால் நாளைக்கு. கார் எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர். கைடுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். டிராவல்ஸ்காரர் வாட்ஸப்பில் பட்டியல் அனுப்பினார்: கோல்கொண்டா, குதுப் ஷாஹி கல்லறைகள், சௌமஹல்லா அரண்மனை, சாலார் ஜங், சார்மினார், ஹுசைன் சாகர். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "புளியமரம் இல்லையா?" என்றார்.

எந்தப் புளியமரம்?

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். இங்கே வந்ததிலிருந்து அவர் இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. 1908 செப்டம்பர் 28. மூசி ஆற்றில் வெள்ளம். மேலே மழை கொட்டி, ஒரு ஏரி உடைந்து அந்தத் தண்ணீர் அடுத்த ஏரியை உடைத்து, அது அதற்கடுத்ததை உடைத்து, எல்லாம் சேர்ந்து நகரத்துக்குள் வந்துவிட்டது. பதினைந்தாயிரம் பேர் செத்தார்கள் என்பது கணக்கு. ஆற்றங்கரையில் ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்ட நூற்றைம்பது பேர் பிழைத்தார்கள். அந்த மரம் இன்னும் நிற்கிறது, உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்துக்குள். வெள்ளத்துக்குப் பிறகு நிஜாம் அரசு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை வரவழைத்தது. அவர், ஊருக்குள் கரையை மட்டும் உயர்த்தினால் போதாது, ஆறு ஊருக்குள் நுழைவதற்கு முன்பே தண்ணீரைத் தேக்க வேண்டும் என்றார். அப்படி வந்தவைதான் 1920இல் உஸ்மான் சாகரும் 1927இல் ஹிமாயத் சாகரும்.

"ஏரி உடையிறது ஒரு நிமிஷத்துல இல்லம்மா. மொதல்ல கரையில ஒரு எலி வளை அளவுக்குக் கசியும். அதைப் பார்க்க ஒரு ஆள் வேணும்."

கொள்ளிடத்துக் கீழணையில் முப்பத்துச் சொச்சம் வருஷம் பொதுப்பணித்துறையில் அதைப் பார்த்த ஆள்.

இன்று கார்த்திகைப் பௌர்ணமி. லாட்ஜ்காரரின் மனைவி துளசி மாடத்துக்கு முன்னால் 365 திரி சேர்த்துக் கட்டிய கற்றையை நெய்யில் முக்கி வைத்து ஏற்றினார். வருஷத்தில் விளக்கேற்றாமல் விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்து ஒரே விளக்காம். அந்த வெளிச்சத்திலும் அப்பாவின் கண்ணைத்தான் பார்த்தேன். தீ வெளிச்சத்தில் எல்லார் கண்ணும் மஞ்சள்.

நவம்பர் 16, சனி, காலை 7.30

மாத்திரை, தண்ணீர், பிஸ்கட், ஃபைல், ஒரு மாற்றுச்சட்டை. கார் வந்துவிட்டது.

அதே நாள், இரவு

களைத்துத் தூங்குகிறார். காய்ச்சல் இல்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

டிரைவர் சின்னப் பையன். விஷயத்தைச் சொன்னதும் ஏசியைக் குறைத்து, வேகத்தடை வரும்போதெல்லாம் குலுங்காமல் ஏற்றி இறக்கினான். நாள் முழுக்க அப்படியே ஓட்டினான். கைடு அறுபதைத் தாண்டியவர், வெள்ளைக் குர்தா. ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். நான் தமிழில் சொன்னேன். கோல்கொண்டா தாண்டியதும் நான் தேவைப்படவில்லை. இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

கோல்கொண்டா. வாசல் மண்டபத்துக் குவிமாடத்தின் கீழே நின்று கைதட்டினால், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி மலை உச்சியிலிருக்கும் மண்டபத்தில் கேட்கும். கீழே பகைவன் வந்தால் மேலே தெரியப்படுத்த. மேலே போக சுமார் 360 படி. அப்பா ஏற முடியாது. "நான் இங்க தட்டுறேன், நீ மேல போய்க் கேளு" என்றார். எனக்கு அவரை விட்டுப் போக மனமில்லை. கைடு ஐயா ஒரு நாற்காலியை எங்கிருந்தோ வாங்கிவந்து போட்டார். சரி என்று ஏறினேன்.

வழியில் ராமதாசர் சிறை. பத்ராசலத்தில் தாசில்தாராக இருந்த கோபண்ணா, வசூலான வரிப்பணத்தில் ராமனுக்குக் கோயில் கட்டினார் என்று கோல்கொண்டா சுல்தான் தானா ஷா அடைத்துவைத்த இடம். பன்னிரண்டு வருஷம் என்று சொல்கிறார்கள். சுவரில் அவர் செதுக்கியதாகச் சொல்லும் ராமர், லட்சுமணர், சீதை, அனுமார். முகமெல்லாம் தேய்ந்து குங்குமம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுதப்போவதில்லை.

உச்சிக்குப் போய் அப்பாவை போனில் கூப்பிட்டேன். "இப்பத் தட்டுங்க." கீழே ஒவ்வொரு கைடும் தன் கூட்டத்துக்காகத் தட்டிக்கொண்டிருந்தார்கள், வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு நடுவே இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், அப்புறம் ஒரு தட்டு. எனக்குத் தெரியும் அது. சின்ன வயதில் கீழணைப் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஷட்டர் ஏற்றுகிற ஆளுக்கு அந்தக் கோடியிலிருந்து அப்பா கொடுக்கிற சைகை. நிறுத்து என்பதற்கா, ஏற்று என்பதற்கா என்பதுதான் மறந்துபோயிற்று.

போனில், "எத்தனை தட்டினேன் சொல்லு?"

"ரெண்டு. அப்புறம் ஒண்ணு."

"சரியா இருக்கு."

இறங்கி வந்தால் நாற்காலியில் ஆளில்லை. நெஞ்சு ஒரு நொடி நின்றுவிட்டது. பக்கத்துச் சுவரோரம் குனிந்து நிற்கிறார், கைடு ஐயா டார்ச் அடிக்கிறார். சுவருக்குள் பதித்த சுட்ட மண் குழாய் ஒன்று உடைந்து வாயைத் திறந்திருந்தது. முழங்கையளவு தடிமன், சுற்றிலும் சுண்ணாம்புக் காரை. அப்பா விரலை உள்ளே விட்டுத் தடவி, "உள்ள வழவழன்னு இருக்கு, பாரு" என்றார். துர்கம் செருவு ஏரியிலிருந்து கோட்டைக்குத் தண்ணீர் வந்தது. இங்கே மாடு பூட்டிய பாரசீகச் சக்கரத்தால் ஒரு தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து அடுத்த சக்கரத்தால் அதற்கு மேல் தொட்டிக்கு என்று படிப்படியாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். 1687இல் ஔரங்கசீப் எட்டு மாதம் முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. கடைசியில் உள்ளேயிருந்த ஒருவன் கதவைத் திறந்துவிட்டான். கைடு அந்தத் துரோகத்தை நாடகம் மாதிரி சொன்னார். அப்பாவுக்கு அதில் நாட்டமில்லை. "எட்டு மாசம் உள்ள இருந்தவனுக்குத் தண்ணி இருந்துச்சே, அதைக் கேளு" என்றார்.

குதுப் ஷாஹி கல்லறைகள்: காரிலிருந்தே. வெயில்.

மதியம் தயிர்சாதம், காருக்குள். வெளியே பிரியாணி வாசனை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாதி சாப்பிட்டார், பாதி என் கையில் கொடுத்தார். பாதி! நேற்று கால்வாசிதான்.

சௌமஹல்லாவை விட்டுவிட்டோம். சாலார் ஜங்கில் சக்கர நாற்காலி கிடைத்தது. முகத்திரை போட்ட ரெபேக்கா, பென்சோனி என்ற இத்தாலிக்காரர் 1876இல் செதுக்கியது. பளிங்கில் மெல்லிய துணி, துணிக்குப் பின்னால் முகம். அங்கே நான்தான் ரொம்ப நேரம் நின்றேன். கல்லுக்கு உள்ளே இன்னொன்று இருப்பது போல எப்படிக் காட்ட முடியும்? ஸ்கேன் படம் நினைவுக்கு வந்தது; நகர்ந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு இசைக் கடிகாரத்தின் முன்னால் கூட்டமாக உட்கார்ந்திருந்தோம். சின்னக் கதவு திறந்து தாடிக்காரப் பொம்மை வந்து மணியடித்துவிட்டு உள்ளே போகிறது. அதற்குத்தான் எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா பார்த்தது இன்னொரு பொம்மையை. ஓரத்தில் ஒரு கொல்லன், நொடிக்கொரு தரம் சுத்தியலை ஓங்கி அடித்துக்கொண்டே இருக்கிறான். "அவன்தாம்மா வேலைக்காரன்."

அப்புறம் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரை. மூசியில் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கறுப்பாக, நாற்றத்துடன், ஒரு ஓரமாகப் போகிறது. இதுவா அவ்வளவு பேரை அடித்துக்கொண்டு போனது? கைடு ஐயாவின் இத்தனை வருஷ அனுபவத்தில் புளியமரத்தைக் காட்டச் சொன்ன ஆள் யாருமே இல்லையாம். ஆஸ்பத்திரிக் காவலாளியிடம் உருதுவில் பேசி உள்ளே கூட்டிப்போனார்.

குவிமாடங்களோடு பெரிய பழைய கட்டடம். 2020 மழையில் வார்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததிலிருந்து அதில் நோயாளிகளை வைப்பதில்லை. மரம் அதன் பக்கத்தில். நான் வானளாவ நினைத்திருந்தேன். அவ்வளவு உயரமில்லை. அடிமரம் முறுக்கி முடிச்சு முடிச்சாக, ஓரிடத்தில் ஆள் நுழைகிற பொந்து. மேலே இலை பச்சைப்பசேலென்று. கீழே மேடையில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஃபைலைத் தலைக்கு வைத்துத் தூங்கினாள்.

அப்பா மரத்தில் கைவைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளையாக அண்ணாந்து பார்த்தார். "நூத்தம்பது பேர். இந்தக் கிளையில பத்து, அதுல ஒரு பதினஞ்சு..." எண்ணிக்கொண்டே போனார். "ராத்திரி முழுக்கப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கணும். குழந்தை இருந்திருக்கும். வயசானவங்க இருந்திருப்பாங்க. கை மரத்துப்போகும்." பிறகு மேடையில் இருந்தவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார். அரை மணி நேரம். டிரைவர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

சார்மினார், 1591. மாலை வெயிலில் அழகுதான். 149 படி, ஏறவில்லை. கோல்கொண்டாவில் ஜனம் பெருத்து, தண்ணீர் போதாமல் போனதால்தான் புது நகரம் கட்டினார்கள் என்று கைடு சொன்னதும் அப்பா என்னைப் பார்த்து, "நான் சொன்னேன்ல?" என்றார்.

லாட் பஜாரில் அம்மாவுக்கு வளையல். கடைக்காரர் கரி அடுப்பில் அரக்கைக் காட்டி இளக்கி, உருட்டி, வளைத்து, சூடு ஆறுவதற்குள் கண்ணாடிக் கல்லை ஒவ்வொன்றாகப் பதிக்கிறார். அளவு என்ன என்று கேட்டார். நான் அம்மாவுக்குப் போன் போடப் போனேன். அப்பா அதற்குள், "ரெண்டு ஆறு."

திரும்பும்போது ஹுசைன் சாகர் கரை. ஏரிக்கு நடுவில் பதினெட்டு மீட்டர் ஒற்றைக்கல் புத்தர். 1990இல் கொண்டுபோகும்போது மிதவை கவிழ்ந்து, இரண்டு வருஷம் ஏரிக்கடியில் கிடந்து, 1992இல் தூக்கி நிறுத்தினார்கள். அப்பா தூங்கிவிட்டார். எழுப்பவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

நாள் முழுக்கத் தூக்கம். 99.4. கூட்டிப்போயிருக்கவே கூடாதோ?

மாலை ஆறுக்கு எழுந்து கஞ்சி கேட்டார். 98.6.

நவம்பர் 18, திங்கள்

ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்தோம். பதினொன்றுக்கு, "மதியம்." மதியம், "நாலு மணி." நாலு மணிக்கு அந்தப் பெண் கணினியைப் பார்த்து, "லேபிலிருந்து இன்னும் ஏறவில்லை." ஏறவில்லை என்றால் எழுதவில்லையா, எழுதி அனுப்பவில்லையா? கெட்டது என்றால் தாமதமாக்குவார்களா, நல்லது என்றால் தாமதமாக்குவார்களா? போனில் தேடினேன். தேடியதையெல்லாம் அழித்தேன். மறுபடி தேடினேன். பக்கத்தில் அப்பா டோக்கனின் பின்பக்கத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் ஒரு மலை, மூன்று தொட்டி, மூன்று சக்கரம். ஒவ்வொரு தொட்டிக்கும் எத்தனை அடி உயரம் இருந்திருக்கும் என்று கணக்கு.

"மாடு மேல எப்படிம்மா ஏறும்? சாய்வுப் பாதை வேணும். நீ மேல போறப்ப பார்த்தியா?"

பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

இன்று வெளிவாசலில், நல்ல வெயிலில், கண்ணைப் பார்த்தேன். குறைந்திருக்கிறது. இது என் ஆசை இல்லை, உண்மையாகவே குறைந்திருக்கிறது.

நவம்பர் 19, செவ்வாய்

பெரிய டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார். சிறப்புச் சாயம் போட்டுப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். சனிக்கிழமை வரை ஆகும். அதுவரை ஒன்றும் சொல்லமாட்டார். அவர் முகத்தில் எதையாவது படிக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

இன்றைய சார்மினார் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை ரத்து செய்தேன். லாட்ஜில் இன்னும் ஐந்து நாளைக்குச் சொல்லியாயிற்று. அம்மாவிடம், "சாதாரண டெஸ்ட்தான், கொஞ்சம் கூடுதலா எடுக்கிறாங்க" என்றேன். அம்மா ஒன்றும் கேட்காமல், வளையலை உடையாமல் எடுத்துவரச் சொன்னார்.

அப்பா மதியம் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிக்கொண்டே கேட்டார், "உஸ்மான் சாகர் இங்கேர்ந்து எவ்வளவு தூரம்?"

டிரைவர் தம்பியைக் கூப்பிட்டேன். கண்டிப்பேட்டைதானே அக்கா, படியே ஏற வேண்டாம், கரை வரைக்கும் வண்டி போகும் என்றான். நாளைக்குக் காலை ஏழு மணி. கைடு ஐயாவும் வருகிறாராம், காசு வேண்டாமாம்.